கத்தியும் அரிசி டப்பாவும்

உங்களில் யாராவது செத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ஒரு கோடை விடுமுறையில், ஊத்துக்கோட்டைச் சந்தையில், வாரம் தவறாமல் செத்தேன். கோணிப்பையின் மேல் மல்லாந்து கிடப்பேன். கழுத்தில் கத்தி இறங்கியிருக்கும். இறக்கியவர் என் அப்பா. பதற வேண்டாம், அது வித்தை. தெருவில் கூட்டம் சேர்த்துச் செய்கிற மேஜிக். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்து, எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவது, எதைப் பின் போடுவது என்று பேசிக்கொள்கிற வயதுக்கு நாம் எல்லோரும் வந்துவிட்டோம். இனி இதை மறைத்து வைத்து என்ன ஆகப்போகிறது.

அப்பா கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஃபிட்டர். பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற மில். அவரை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வரிசை வீடுகளில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான். வேலை விட்டு வந்தால் அவர் சட்டையில் கிரீஸும் சூட்டு இரும்பும் கலந்த வாசனை அடிக்கும். டீ குடிக்கிற நேரத்தில் கூட்டாளிகளுக்குக் காசை மறைத்துக் காட்டுவார், வெறும் கையிலிருந்து பீடி எடுப்பார். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் சிரிப்பார். எங்கள் தெருவில் அவருக்கு மோடி மஸ்தான் என்றே பெயர்.

ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். கேட்டில் பூட்டு, பக்கத்தில் ஒட்டிய காகிதம். கதவடைப்பு என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். ஆட்கள் எல்லோரும் எதிரே புங்கமரத்தடியில் உட்கார ஆரம்பித்தார்கள். வாரங்கள் போயின. சட்டையில் கிரீஸ் வாசனை போய், வெறும் சோப்பு வாசனை வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

மரத்தடியில் பொழுது போகாமல் அப்பா வித்தை காட்டிக்கொண்டிருந்தபோது டீக்கடைக்காரர் சொன்னாராம்: "இத நம்ம ஆளுங்களுக்கே காட்டி இன்னா ஆவப்போவுது? ஜனம் போற எடத்துல காட்டுப்பா." அப்பா அதைச் சிரித்துக்கொண்டேதான் வீட்டில் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் பொன்னேரி பக்கத்து ஆரணி. அவளுடைய அண்ணன், என் மாமா, அங்கே நெல் மண்டி வைத்திருந்தார். இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று சொன்னவர். மில் மூடியதும் முதலில் வந்தவரும் அவர்தான். "புள்ளையக் கூட்டிக்கினு வந்துடு. இவன் வேலைக்குப் போறப்ப திரும்பி வா" என்றார். அம்மா காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அதற்கப்புறம்தான் அப்பாவிடம், "சரி, போய்க் காட்டு. ஆனா கௌரவமா காட்டு" என்றாள். கௌரவமாக வித்தை காட்டுவது எப்படி என்று இருவருக்கும் தெரியாது.

வித்தையைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. தரையில் கோணியை விரித்து அப்பா சாமான்களைப் பரப்புவார். மூன்று அலுமினியக் கிண்ணம், பஞ்சு உருண்டைகள், ஒரு பழைய கொடிக்கயிறு, சிவப்புக் கைக்குட்டை, சீட்டுக்கட்டு, முட்டை. நானும் அம்மாவும் எதிரே உட்கார வேண்டும். முட்டை முதலிலேயே போய்விட்டது. கைக்குட்டைக்குள் மறைய வேண்டியது அம்மாவின் பாயில் உடைந்து மறைந்தது. சீட்டுக்கட்டைப் பஜாரில் எடுத்ததும் சூதாட்டம் என்று போலீஸ்காரர் விரட்டினார். ஒரு புறாவும் வாங்கி வந்தார். அட்டைப்பெட்டியில் இரண்டு நாள் எங்களோடு இருந்து பொரி தின்றது. முதல் தடவை கையை விரித்ததும் மாவு மில் கூரைக்குப் போய் உட்கார்ந்தது, போனது போனதுதான். அப்பா தினமும் கூரையைப் பார்த்து நாக்கால் சத்தம் கொடுத்துக்கொண்டே அந்தப் பக்கம் நடப்பார்.

மேடையில் நின்று செய்கிறவனுக்கு முதுகுப் பக்கம் யாரும் இல்லை. தெருவில் வட்டமாக நிற்பார்கள். முன்னால் ஏமாற்றினால் பின்னால் இருப்பவன் சிரிப்பான். காற்று கைக்குட்டையைப் பிடுங்கும். கிண்ணமும் பஞ்சும் முதல் வரிசையில் குந்தியிருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் வந்தவர்கள் நிற்காமல் போனார்கள். கும்மிடிப்பூண்டி பஜாரில் அப்பா கயிற்றை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்க, எதிரே ஒருவர் வாழைப்பழம் உரித்துத் தின்று முடித்துவிட்டு நகர்ந்ததைப் பார்த்தேன். அவர் வாழைப்பழம் தின்னத்தான் நின்றார். அப்பாவும் அதைப் பார்த்தார்.

பிறகு சத்தியவேடு வழியாகப் போகிற பஸ்ஸில் ஊத்துக்கோட்டைச் சந்தைக்குப் போனோம். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாடு, மிளகாய், புளி எல்லாம் வரும். தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசுவார்கள். அங்கே ஒருவன் உடுக்கை அடித்து, கூட இருந்தவன் கழுத்தில் கத்தியை இறக்கினான். ஜனம் மூச்சு விடவில்லை. புளி மூட்டையைத் தலையில் சுமந்தவன்கூட இறக்காமல் அப்படியே நின்றான். அப்பா கத்தியைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே லேத் பட்டறையில் இரண்டு கத்தி செய்துவிட்டார். ஒன்று முழுக் கத்தி, வெள்ளரிக்காயை வெட்டிக் காட்டுவதற்கு. இன்னொன்றின் நடுவில் அரைவட்டமாக வெட்டி எடுத்திருந்தார். கழுத்தில் வைத்தால் சரியாக உட்காரும். கறுப்புத் துணிக்குள்ளே ஒன்றை எடுத்து இன்னொன்றை வைப்பது அவருக்குப் பெரிய காரியமில்லை. ரத்தத்துக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து, சோற்றுக் கஞ்சியில் குழைத்தார். ஆரத்திக்குக் கரைக்கிறோமே, அதே ஆலம்தான், கொஞ்சம் கெட்டியாக.

"அரைவட்டத்து ஓரத்த நல்லா மழுக்கிட்டேன். தொட்டுப் பாரு கண்ணு" என்றார். தொட்டுப் பார்த்தேன். மழமழவென்று இருந்தது. "அம்மாவாண்ட சொல்லாத. அவ பயந்துப்பா."

நான் பயப்படுவேனா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஐந்தாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு அப்பாவோடு பஸ்ஸில் போவதும், வழியில் போண்டா தின்பதும், சந்தையே தன்னைப் பார்ப்பதும் சின்ன விஷயமா?

என்னைப் போர்த்திய துணிக்குள்ளே வெந்துபோகும். மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும். அப்பா உடுக்கைக்குப் பதில் ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டு, தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிப் பேசுவார். சட்டென்று துணியை விலக்குவார். பெண்கள் ஐயோ என்பார்கள். கண்ணைத் திறக்கக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. வெயில் இமைக்குள் ஆரஞ்சு நிறமாக எரியும். ஈ வந்து உதட்டில் உட்காரும். அப்பா கூட்டத்தைச் சுற்றி நடந்துகொண்டே கேட்பார்: "இந்தப் புள்ள பொழைக்கணுமா வாணாமா? சொல்லுங்க சாமி, பொழைக்கணுமா வாணாமா?" சில்லறை விழும். சில நேரம் பதில் வரக் கொஞ்சம் தாமதமாகும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? வித்தை என்று தெரிந்தும் அப்படித்தான் நினைத்தேன். ஒருமுறை ஒரு பாட்டியம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு, "பெத்தவளுக்குத் தெரியுமாடா பாவி" என்று அழுதாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுந்ததும் போண்டா வாங்கித் தருவார். நான் தின்பேன். தின்கிறாளே, அப்படியானால் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள் என்று அவர் முடிவுசெய்துகொண்டார். அந்த வயதில் பயமும் பசியும் ஒரே நேரத்தில் இருக்கும் என்பது பெரியவர்களுக்கு மறந்துபோகிறது. என் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கும் மறந்துதான் போனது.

ஆலம் காய்ந்தால் மஞ்சளாகிவிடும். பாவாடைச் சட்டையின் கழுத்துப் பட்டையில் மஞ்சள் கறையோடு வீடு திரும்புவேன். அம்மா அதற்குச் சோப்புப் போட்டால் கறை மறுபடி ரத்தச் சிவப்பாக மாறும். கிணற்றடியில் அவள் அந்தச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது ஞாபகம் இருக்கிறது. "இன்னாடி இது?" என்றாள். "குழம்பு" என்றேன். சோப்பை அலசியதும் மஞ்சளாகிவிட்டது. அதனால் அவளும் குழம்பு என்றே நம்பினாள்.

உண்மையைக் கொண்டுவந்தவர் மாமா. ஊத்துக்கோட்டைக்கு நெல் பார்க்கப் போனவர் கூட்டத்தை எட்டிப் பார்த்திருக்கிறார். தங்கை மகள் ரத்தமாகக் கிடக்கிறாள். கத்தவேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் திரும்புவதற்கு முன்பே சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அம்மா எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள். என் கழுத்தை மட்டும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

அடுத்த சந்தையில் நான் செத்துக் கிடந்தபோது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு யாரோ வந்தார்கள். கண் மூடியிருந்தது. ஆனால் அந்த வளையல் சத்தம் எனக்குத் தெரியும்.

"எந்திரிடி."

நான் அசையவில்லை. நைனா சொல்லாமல் உயிர் வரக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு.

"எந்திரிடின்றேன்ல!"

கத்தியோடு எழுந்து உட்கார்ந்தேன். ஒரு பெண் அலறினாள். அடுத்த நொடி சந்தையே சிரித்தது. அம்மா கத்தியைப் பிடுங்கித் தரையில் போட்டாள். பக்கத்திலிருந்த மோர்க்காரியிடம் தண்ணீர் வாங்கி, முந்தானையை நனைத்து, என் கழுத்தைத் துடைத்தாள்.

"இன்னாய்யா இது?" என்றாள் அப்பாவைப் பார்த்து. "பெத்த பொண்ண அறுத்துத்தான் சோறு துன்னணுமா?"

"ஏய், இன்னாம்மே நீ இங்க... ஜனம் பாக்குது."

"பாக்கட்டும். பாக்கத்தான கூட்டி வச்சிக்கீற?"

கூட்டம் மறுபடி சிரித்தது. இதுவும் வித்தையில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டாள்.

"செத்தவள எழுப்புறானாம்! காலைல உன்ன எழுப்ப நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். மந்திரத்துல மாங்கா வரவைக்கிறேன்ற. ஊட்ல உப்பு தீந்து மூணு நாளாச்சி, அத வரவை பாக்கலாம்!"

அதுவரை வட்டத்துக்கு வெளியே நின்ற பெண்கள் உள்ளே வர ஆரம்பித்தார்கள். மோர்க்காரி, "கேளும்மா, நல்லா கேளு" என்றாள். அப்பா கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அவருடைய கண் மட்டும் பழக்கத்தில் கூட்டத்தைச் சுற்றி வந்தது. யாரும் நகரவில்லை. கத்தி தரையில் கிடக்கிறது, ரத்தம் துடைத்தாகிவிட்டது, ஆனாலும் ஒருவரும் போகவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டாள். நான் அதற்குள் வளர்ந்துவிட்டவள். கால் தரையில் இடித்தது. "பயமா இருந்துச்சா?" என்று கேட்டாள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. "ஆமா" என்றேன். முன் சீட்டில் இருந்த அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கவரைப்பேட்டை வரும்வரை அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மோசமான ரோடு என்று அப்போது நினைத்தேன்.

மறுநாள் கத்திகள் இரண்டையும் லேத் பட்டறைக்கே கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த சில நாட்கள் அப்பா மரத்தடிக்குப் போனார், வந்தார். கிண்ணங்கள் பரணுக்குப் போய்விட்டன. ஒரு மத்தியானம் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"உன் சாமான் எல்லாமே தப்பு."

"இன்னா தப்பு?"

"கலர் பெயின்ட் அடிச்ச கிண்ணம், கறுப்புத் துணி. பாக்கறப்பவே தெரியுது, இதுலதான் சூது வச்சிக்கீறான்னு. எல்லார் ஊட்லயும் கீற சாமானா இருந்தா எவனும் சந்தேகப்படமாட்டான்."

அப்பா பரணை அண்ணாந்து பார்த்தார். "எதச் சொல்ற?"

"அரிசி டப்பா. தண்ணி சொம்பு. இதுக்கு மேல இன்னா வேணும்?" முறத்தைக் கீழே வைத்தாள். "பாப்பா வாணாம். நான் வரேன்."

காதில் சரியாகத்தான் விழுந்ததா என்பதுபோல் அப்பா என்னைப் பார்த்தார்.

அப்புறம் எங்கள் வீடு பட்டறையானது. அரிசி போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னின் அடியை வெட்டி, அங்கேயும் ஒரு மூடி வைத்து, நடுவில் தகரத் தடுப்பு வைத்தார். ஒரு பக்கம் காலி, மறு பக்கம் அரிசி. துடைக்கிற சாக்கில் தலைகீழாகத் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். அப்பா செய்தால் திருப்புவது தெரிந்தது. அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே செய்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் டப்பா துடைத்த கை. "எப்பிடிம்மே?" என்று அப்பா மறுபடி மறுபடி செய்யச் சொன்னார். அவள் முகத்தில் வெட்கமும் கர்வமும் மாறி மாறி வந்தன. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சொம்புக்குத்தான் சங்கடம். பித்தளைச் சொம்பு ஒன்றுதான் இருந்தது, அம்மாவுக்குச் சீராக வந்தது, பேர் வெட்டியது. உள்ளே இன்னொரு சுவர் வைத்து ஈயம் பற்றவைத்தால் கவிழ்த்துக் கொட்டிய பிறகும் தண்ணீர் மிச்சம் இருக்கும். விளிம்பின் கீழே ஒரு சின்ன ஓட்டை. அதை விரலால் மூடினால் வராது, திறந்தால் வரும். ஆனால் பற்றவைத்த பிறகு அந்தச் சொம்பில் குடிக்க முடியாது. "வேற பழசு வாங்கியாரட்டா?" என்று அப்பா கேட்டார். "பத்த வைய்யா" என்றாள். அவர் தீயில் காட்டியபோது பித்தளை கறுத்து, ஈயம் வெள்ளிமாதிரி ஓடியது. அம்மா அடுப்பில் ஏதோ கிளறுவதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அடுப்பில் எதுவும் இல்லை. அந்தச் சொம்பு பின்னால் ஒரு வெள்ளத்தில் போய்விட்டது.

அவர்கள் செய்தது இவ்வளவுதான். அப்பா வட்டத்துக்குள் நின்று பெரிய மந்திரவாதிபோல் பேசுவார். அம்மா கூட்டத்திலிருந்து சண்டைக்கு வருவாள். வீட்டில் அரிசி இல்லை என்று காலி டப்பாவை எல்லோருக்கும் திறந்து காட்டுவாள். அப்பா மந்திரம் போடுவார்; ஒன்றும் நடக்காது. மறுபடி போடுவார், அப்போதும் காலி. அம்மா அலுத்துப்போய் டப்பாவை வாங்கித் துடைத்து, ஒரு தட்டு தட்டித் திறப்பாள். அரிசி வழியும். சொம்பும் அப்படித்தான், அவர் கவிழ்த்தால் வராத தண்ணீர் அவள் கவிழ்த்தால் கொட்டும். அப்பா அசடு வழிவார். பெண்கள் கைதட்டினார்கள். மாட்டுத்தரகர்கள்கூடச் சிரித்தார்கள். தனக்கு எதுவும் வராத வித்தைக்காரனாக நிற்பதற்கு அப்பாவுக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. நாலு சந்தை போனதும் அவரே இன்னும் அசடாக ஆனார்.

எனக்கு? எனக்குக் கோபம். மோர்க்காரி பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. யாரும் என்னைப் பார்க்கவில்லை. செத்துப்போனவளாக இருந்தது எவ்வளவு மேல் என்று தோன்றியது. பயம் போய்விட்டது, அந்த இடத்தில் பொறாமை வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மாவிடம் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. அவளுக்கு அப்போது வேறு உலகம்.

சங்கத்து ஆட்கள் கேட்டுக்கொண்டதால் மில் கேட்டுக்கு எதிரே ஒரு நாள் காட்டினார்கள். புங்கமரத்தடி நிறைந்திருந்தது. குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பூட்டிய கேட்டுக்கு உள்ளே நின்ற வாட்ச்மேனும் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா டப்பாவைத் திறந்து காட்டிச் சண்டை போட்டாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் அங்கே சிரிப்பு அதிகம், ஏனென்றால் அங்கே இருந்த எல்லார் வீட்டிலும் டப்பா காலி.

"போய்யா நீயும் உன் மந்திரமும்! நான் எங்க அண்ணன் ஊட்டுக்குப் போறேன்" என்றாள். அது எப்போதும் சொல்கிற வசனம்தான்.

"வா போலாம்" என்று ஒரு குரல் கேட்டது.

மாமா. வெள்ளை வேட்டியில், முகமெல்லாம் வேர்த்து, கூட்டத்தின் நடுவே வந்து நின்றார். எங்களை அழைத்துப்போகத்தான் ஆரணியிலிருந்து வந்திருக்கிறார். அந்த வசனத்தை நிஜம் என்று நினைத்துவிட்டார். "இப்பவே வா. இந்த ரோட்ல நீ கத்தினது போதும்" என்று கையை நீட்டினார். கண் கலங்கியிருந்தது. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. "அண்ணனும் நடிக்கிறாம்பா!" என்று யாரோ விசில் அடித்தார்கள்.

அப்பா டக்கென்று பேச்சை நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் அசடு இல்லை இப்போது. அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று அவரும் கூட்டத்தில் ஒருவர்போல் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆரணியில் மாமா வீட்டுக்கு ஒருமுறை போய்விட்டால் திரும்பி வருவது சுலபமில்லை என்று எனக்குக்கூடத் தெரியும்.

அம்மா அண்ணனைப் பார்த்தாள். பிறகு டப்பாவை அவரிடம் நீட்டினாள்.

"அண்ணே, இத கொஞ்சம் தொறந்து பாரு."

மாமா திறந்தார். "காலியா கீது. அதத்தான நானும் சொல்றேன்."

"குடு." வாங்கினாள். மூடியை அழுத்தினாள். முந்தானையால் துடைத்தாள், வழக்கத்தைவிட மெதுவாக. திருப்பிக் கொடுத்தாள். "இப்பப் பாரு."

நெல் மண்டிக்காரர் அரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையை உள்ளே விட்டு அள்ளிப் பார்த்தார், பழக்கத்தில் இரண்டு மணியை வாயில் போட்டு மென்றும் பார்த்தார். ஜனம் ஓவென்று கத்தியது.

"ரொம்பிடுச்சிண்ணே" என்றாள் அம்மா, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "நீ ஊட்டுக்குப் போ. தீபாவளிக்கு நாங்க வரோம்."

மாமா டப்பாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து, அதை மார்போடு பிடித்துக்கொண்டே கொஞ்சநேரம் நின்றார். அப்பாதான் போய் வாங்கிக்கொண்டார். வாங்கும்போது ஏதோ சொன்னார். மாமா தலையை ஆட்டினார். அவர்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாமா கெட்டவர் இல்லை. தங்கை கஷ்டப்படுகிறாள் என்பதைப் பார்த்தார், அவள் சந்தோஷமாக இருந்ததைப் பார்க்கவில்லை. அது அவருக்கு மட்டுமா தெரியவில்லை?

மில் திறந்துவிட்டது. பேச்சுவார்த்தை முடிந்து, ஒரு காலையில் சங்கு ஊதியது. அப்பா ஓடினார். எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அம்மாவிடம், "அப்பாடா, இனிமே உனக்கு ரோட்ல நிக்கற பேஜாரு இல்ல" என்றார்கள். அப்பாவும் அதையேதான் சொன்னார். அதை ஒரு பரிசுபோலச் சொன்னார். அம்மா ஆமாம் என்றாள். டப்பாவின் தடுப்பைப் பிடுங்கிவிட்டு மறுபடி அரிசி போட்டு வைத்தாள்.

அடுத்த சந்தை நாள் காலையில் அவள் சந்தைக்குக் கட்டுகிற நீலப் புடவையைக் கட்டியிருந்தாள். எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னி முடித்ததும் கையில் சீப்போடு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்கம்மா போறோம்?" என்றேன். "கத்திரிக்கா வாங்கியாரலாம்" என்றாள். கத்திரிக்காய் எங்கள் பஜாரிலேயே கிடைக்கும்.

ஊத்துக்கோட்டையில் இறங்கினோம். எங்கள் இடத்தில் யாரோ மிளகாய் கொட்டி வைத்திருந்தார்கள்; ஓரமாகக் கொஞ்சம் தரை காலியாக இருந்தது. மோர்க்காரி பார்த்துவிட்டாள்.

"எங்கம்மா உன் ஊட்டுக்காரரு?"

"மில் தொறந்துட்டாங்க. வேலைக்குப் போய்ட்டாரு."

"அப்ப வித்தை?"

"அதான் போய்ட்டாரே."

சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். அவள் நகரவில்லை. "போறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனானா அந்த மனுஷன்?" என்றாள், மோர்க்காரிக்குச் சொல்வதுபோல, ஆனால் கொஞ்சம் உரக்க. "சங்கு ஊதனதும் லுங்கியோட ஓடறான். கேட்டாண்ட போனப்பறம்தான் தெரியுது, பேன்ட் கொடியில தொங்குது." பக்கத்தில் புளி வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பினார்கள். அம்மா அவர்கள் பக்கம் திரும்பினாள். அடுத்ததைச் சொன்னாள். அதற்கும் அடுத்ததை. எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாது, வட்டம் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவளிடம் டப்பா இல்லை, சொம்பு இல்லை, பக்கத்தில் அசடு வழிய ஒருவரும் இல்லை. கையில் காலியான ஒரு காய்கறிப் பை மட்டும். அதை ஆட்டி ஆட்டிப் பேசினாள். மாடு பிடித்துக்கொண்டு போனவன் மாட்டோடு நின்றான்.

திடீரென்று நிறுத்தினாள். "அவ்ளோதாம்பா. எல்லாம் போங்க, போய் வேலையப் பாருங்க" என்றாள். சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். யாரோ காசு நீட்டினார்கள்; அவள் வாங்கவில்லை. நாங்கள் கத்திரிக்காய் வாங்கினோம், நல்ல பிஞ்சாகப் பார்த்து.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நெற்றியில் வேர்வை, கன்னமெல்லாம் சிவந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை கொதித்தது. ஊத்துக்கோட்டை பின்னால் போனதும் என் காதருகே குனிந்து, "நின்னாங்கடி" என்றாள்.